பழைய துப்பாக்கியுடன் கரை இறங்கிய படை!

ஒரே நாட்டில் ஒரு படைக்குப் புதுசு. இன்னொரு படைக்குப் பழசு. ஏன்?

ஒரே நாடு. ஒரே கொடி. ஒரே போர்.

ஆனால் ஒரு படையின் கையில் புதுரகத் துப்பாக்கி. இன்னொரு படையின் கையில், 39 ஆண்டுகளுக்கு முன்பு வந்த பழைய ரகத் துப்பாக்கி!

இந்த அதிசயம் நடந்தது ஏழை நாட்டில் அல்ல. அமெரிக்காவில்! ஆண்டு 1942.

பணத்துக்கும் தொழிற்சாலைக்கும் பஞ்சம் இல்லாத நாட்டில் ஏன் இந்த வேறுபாடு?

நம் வீடுகளில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? மூத்த பிள்ளைக்குப் புதுப் புத்தகம் வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு அதே புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தம்பியிடம் கொடுக்கிறார்கள். தம்பியிடம் பாசம் இல்லை என்பதாலா? இல்லை. கையில் இருக்கும் பணத்தைப் பார்த்துத்தான் குடும்பம் நடக்கிறது.

ராணுவத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய புத்தகம் உயிரை வாங்காது. பழைய ஆயுதம் வாங்கிவிடும்!

அண்ணனும் தம்பியும்

அமெரிக்காவின் தரைப்படை மிகப் பெரியது. அதன் பக்கத்தில் இன்னொரு சிறிய படை உண்டு. அதன் பெயர் மரைன் படை.

கப்பலில் போவது, எதிரியின் கரையில் குதிப்பது, இடத்தைப் பிடிப்பது. இதுதான் மரைன் படையின் வேலை. 1775-ம் ஆண்டில் தொடங்கிய படை அது. அதற்கென்று தனி இலாகா கிடையாது. கப்பற்படை இலாகாவின் கீழேயே இருக்கிறது.

இன்றைக்கும் தரைப்படையில் நிரந்தர வீரர்கள் சுமார் 4½ லட்சம் பேர். மரைன் படையில் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர். அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரியும்.

இரண்டு துப்பாக்கிகள்

அந்தக் காலத்தில் மரைன் வீரரின் கையில் இருந்த துப்பாக்கிக்கு ஸ்பிரிங்பீல்டு என்று பெயர். 1903-ம் ஆண்டில் வந்த ரகம். அதில் 5 தோட்டாக்கள் போடலாம். ஒரு முறை சுட்டால், கையால் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா ஏறும்.

தரைப்படையின் புதுத் துப்பாக்கிக்கு காரண்டு என்று பெயர். ஜான் காரண்டு என்பவர் உருவாக்கியது. 1936-ம் ஆண்டில் தரைப்படை அதை ஏற்றுக்கொண்டது. அதில் 8 தோட்டாக்கள். தாழ்ப்பாளை இழுக்கும் வேலையே இல்லை. விசையை அழுத்த அழுத்தக் குண்டு பாயும்.

இரண்டுக்கும் தோட்டா ஒன்றேதான். வேகம்தான் வேறு. ஸ்பிரிங்பீல்டு வைத்திருப்பவர் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், காரண்டு வைத்திருப்பவர் அடுத்த குண்டைச் சுட்டுவிடுவார். எதிரி பாய்ந்து வரும்போது அந்த ஒரு வினாடி மிகப் பெரிது.

தீவில் இறங்கினார்கள்

பசிபிக் கடலில் சாலமோன் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று குவாடல்கனால். 2-வது உலகப்போரில் ஜப்பானியர் அங்கே ஒரு விமான தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பல் பாதைக்கு ஆபத்து.

1942 ஆகஸ்டு 7-ந் தேதி, முதலாவது மரைன் டிவிஷன் அங்கே கரை இறங்கியது. தளபதி, மேஜர் ஜெனரல் வாண்டகிரிப்ட். தீவில் இறங்கியவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர். பெரும்பாலான வீரர்களின் தோளில் தொங்கியது 1903-ம் ஆண்டு ரகத் துப்பாக்கிதான்.

துப்பாக்கி மட்டுமா? எல்லாவற்றிலும் தட்டுப்பாடு.

அடுத்த இரண்டு நாட்களுக்குள் பக்கத்துக் கடலில் பெரிய கடற்சண்டை நடந்தது. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பலத்த சேதம். சரக்குக் கப்பல்கள் பாதிச் சாமான்களை இறக்காமலேயே போய்விட்டன. வீரர்கள் நாளுக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டார்கள். அதிலும் ஒரு பங்கு, ஜப்பானியர் விட்டுப்போன அரிசி!

இந்தப் படையெடுப்புக்கு வீரர்களே ஒரு கேலிப்பெயர் வைத்தார்கள். "பூட்சுக் கயிறு படையெடுப்பு" என்றார்கள். கையில் காசு இல்லாமல் செய்யும் காரியத்தை அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்கள்.

புதுத் துப்பாக்கி வந்தது!

அக்டோபர் 13-ந் தேதி உதவிப்படை வந்து சேர்ந்தது. அது தரைப்படையின் 164-வது ரெஜிமெண்டு. வடக்கு டகோட்டா மாநிலத்தில் திரட்டப்பட்டது. சமாதான காலத்தில் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டு, அழைத்தால் வந்து சேரும் வீரர்கள் அவர்கள்.

அவர்களின் கையில் இருந்தது என்ன? காரண்டு துப்பாக்கி!

இரண்டு மாதமாகச் சண்டை போட்டுக் களைத்த மரைன் வீரர்கள் அதைப் பார்த்தார்கள். ஏக்கம் பிறந்தது. சிலர் பண்டமாற்றுச் செய்தார்கள். சில துப்பாக்கிகள் இரவோடு இரவாகக் "காணாமல்" போயின!

அக்டோபர் 24-ந் தேதி இரவு. கொட்டும் மழை. விமான தளத்தைப் பிடிக்க ஜப்பானியர் பாய்ந்து வந்தார்கள். மரைன் வீரர்களின் வரிசை நெருக்கடியில் இருந்தது. இருட்டில் தடவிக்கொண்டே 164-வது ரெஜிமெண்டு வீரர்கள் உதவிக்கு வந்தார்கள். ஸ்பிரிங்பீல்டும் காரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட்டன. விடிந்தபோது விமான தளம் அமெரிக்கர் கையிலேயே இருந்தது.

அந்த இரவில் பெரிய வேலை செய்த இன்னொரு ஆயுதம், தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் இயந்திரத் துப்பாக்கி. அதன் ரகமும் பழசு என்று சொல்லத்தக்கது. 1917-ம் ஆண்டில் வந்தது! அதை இயக்கிய ஜான் பாசிலோன் என்ற சார்ஜெண்டுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அல்லவா?

ஏன் கிடைக்கவில்லை?

மரைன் படைக்குப் புதுத் துப்பாக்கி ஏன் முதலிலேயே கிடைக்கவில்லை?

காரணம் ஒன்றல்ல.

புதுத் துப்பாக்கி தரைப்படையின் தொழிற்சாலையில் பிறந்தது. ஆரம்பத்தில் உற்பத்தி மெதுவாக நடந்தது. திடீரென்று லட்சக்கணக்கில் ஆள் சேர்த்த தரைப்படைக்கே அது போதவில்லை. முதல் பந்தியில் தரைப்படை உட்கார்ந்தது. மரைன் படை அடுத்த பந்திக்குக் காத்திருந்தது.

இன்னொரு காரணம் மரைன் படையின் மனதிலேயே இருந்தது. குறி தவறாமல் சுடுவது அந்தப் படையின் பெருமை. ஸ்பிரிங்பீல்டு அதற்குப் பேர்போனது. 1940-ம் ஆண்டில் மரைன் படை பல துப்பாக்கிகளைச் சோதித்தது. சேற்றில் போட்டார்கள். உப்புத்தண்ணீரில் நனைத்தார்கள். கடும் சோதனையில் பழைய துப்பாக்கியே நன்றாகத் தாங்கியது. தாமாகவே தோட்டா ஏற்றும் புதுரகங்களில் காரண்டு முதலாவதாக வந்தது.

கரை இறங்கும் வீரனின் துப்பாக்கி உப்பிலும் மணலிலும்தானே கிடக்கும்? ஆகவே அதிகாரிகளின் தயக்கம் வெறும் பிடிவாதம் அல்ல. 1941-ம் ஆண்டில் மரைன் படையும் காரண்டை ஏற்றது. ஆனால் அது வந்து சேருவதற்குள் போர் வந்துவிட்டது.

இந்த ஒரு கதையிலேயே இரண்டு விதப் பழசு இருக்கிறது. ஒன்று, "இதுவே நமக்குப் போதும்" என்று தெரிந்து வைத்துக்கொள்வது. மற்றொன்று, வேறு வழியில்லாமல் தலையில் விழுவது.

பணப்பை யாரிடம்?

இன்றைக்கும் மரைன் படையின் விமானங்கள் கப்பற்படையின் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. அது ஏறிப்போகும் கப்பல்களும் கப்பற்படையுடையவை. நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும், விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்று கப்பற்படைக்கே ஆயிரம் செலவு. கூட்டுக்குடும்பத்தில் ஒரே பணப்பை என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் புதுத்துணி எடுக்க முடியுமா?

துப்பாக்கி, லாரி, பீரங்கி போன்றவற்றில் பலவற்றைத் தரைப்படை உருவாக்குகிறது. அது நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மரைன் படை வாங்குகிறது. இதில் செலவு மிச்சம். ஆனால் காலம் நஷ்டம்.

1991-ம் ஆண்டு குவைத் போரில் இது நன்றாகத் தெரிந்தது. தரைப்படை எம்-1 ஏ-1 என்ற புது டாங்கியில் போனது. அதன் பீரங்கிக் குழாய் 120 மில்லிமீட்டர். மரைன் வீரர்கள் பெரும்பாலும் எம்-60 என்ற பழைய டாங்கியில் போனார்கள். அது 1960-ம் ஆண்டு ரகம். குழாய் 105 மில்லிமீட்டர். எதிரியின் குண்டைத் தடுக்க, அதன் உடம்பில் வெடிமருந்துப் பெட்டிகளைக் கவசமாகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பகுதி வீரர்களுக்குத் தரைப்படை புது டாங்கிகளை இரவல் கொடுத்தது. அவர்கள் சில வாரங்களில் ஓட்டக் கற்றுக்கொண்டு போருக்குப் போனார்கள்.

பழைய டாங்கியும் கண்ணிவெடி வயல்களைத் தாண்டிக் குவைத் வரை போய்ச் சேர்ந்தது. ஈராக்கின் டாங்கிகளையும் அழித்தது.

பிறகு மரைன் படையும் முழுக்கப் புது டாங்கிக்கு மாறியது. 2020-ம் ஆண்டில், "இனி நம் வேலைக்கு டாங்கியே வேண்டாம்" என்று முடிவு செய்து எல்லாவற்றையும் விட்டுவிட்டது. சிறு தீவுகளுக்கும் சிறு படகுகளுக்கும் 60 டன் டாங்கி பாரம் என்பது அதன் கணக்கு.

கப்பலில் இடம் ஏது?

வேலைக்கு ஏற்ற பொருள் வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

தரைப்படை 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் அப்பாச்சி என்ற புதுச் சண்டை ஹெலிகாப்டரை வாங்கியது. மரைன் படை வாங்கவில்லை. வியட்னாம் போரில் 1967-ல் வந்த கோப்ரா ஹெலிகாப்டரையே திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டது.

அதற்கு அர்த்தம் உண்டு. மரைன் ஹெலிகாப்டர் கப்பலில் வாழ்கிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கப்பலில் இடமும் குறைவு. இறக்கைகளை மடக்கி வைக்க வேண்டும். நடுக்கடலில் ஒரு என்ஜின் நின்றாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும். ஆகவே கோப்ராவுக்கு இரண்டு என்ஜின் பொருத்திக்கொண்டார்கள்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். கோப்ராவின் புதிய ரகத்தையும், ஆள் ஏற்றும் ஹியூயி ஹெலிகாப்டரின் புதிய ரகத்தையும் ஒன்றாகவே அமைத்தார்கள். இரண்டிலும் சுமார் 85 சதவிகித உறுப்புகள் ஒன்றே. ஒரே அலமாரியில் இரண்டுக்கும் உதிரிப்பாகம்! ஒரே மெக்கானிக் இரண்டையும் பழுது பார்க்கலாம். நடுக்கடலில் கடைக்குப் போக முடியாதவர்களுக்கு இது பெரிய லாபம்.

பெயர் பழசு. உள்ளே புதுசு.

50 ஆண்டு உழைத்த ஹெலிகாப்டர்

மரைன் படையில் சீ நைட் என்ற ஹெலிகாப்டர் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு சுழலும் விசிறிகள் கொண்டது. 1964-ல் சேர்ந்தது. வியட்னாமில் பறந்தது. குவைத்தில் பறந்தது. ஈராக்கில் பறந்தது. 2015-ம் ஆண்டில்தான் ஓய்வு பெற்றது. ஹெலிகாப்டர் பிறந்த பிறகு பிறந்த பிள்ளைகள், வளர்ந்து பைலட்டாகி அதை ஓட்டினார்கள்!

ஏன் இவ்வளவு காலம்? அதற்குப் பதிலாக வரவேண்டிய ஆஸ்ப்ரே தாமதமானது. ஆஸ்ப்ரே ஹெலிகாப்டர் போல் மேலே கிளம்பும். பிறகு விமானம் போல் முன்னே பாயும். 1989-ல் முதன்முதல் பறந்தது. ஆனால் சோதனைக் காலத்திலேயே விபத்துகள். 2000 ஏப்ரலில் அரிசோனா மாநிலத்தில் ஒரு ஆஸ்ப்ரே விழுந்து 19 மரைன் வீரர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று விழுந்து 4 பேர் இறந்தார்கள். குறைகளைச் சரி செய்து போர்க்களத்துக்கு அனுப்பியது 2007-ல்தான்.

பழசில் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அவசரப்பட்டு இறங்கினால் புதுசும் காவு வாங்கும்.

பணக்காரப் படையிலும் பழசு!

விமானப்படைக்குப் பணம் தாராளம். அங்கே எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் அல்லவா?

அதுதான் இல்லை. பி-52 என்ற பெரிய குண்டு வீச்சு விமானம் 1952-ல் முதன்முதல் பறந்தது. கடைசி விமானம் கட்டி முடிந்தது 1962-ல். அவற்றில் பல இன்றும் பறக்கின்றன. புது என்ஜின் பொருத்தி, 2050-க்குப் பிறகும் ஓட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

காரணம் எளிது. அந்த விமானத்தின் வேலை, நிறையச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் போவது. இன்றைய ஏவுகணைகள் தொலைவில் இருந்தே பாய்கின்றன. பாயும் ஆயுதம் புதிது. சுமக்கும் வண்டி பழையது. வண்டி கெட்டியாக இருந்தால் போதும்.

கடலோரக் காவல் படையின் நிலை வேறு. அது ராணுவ இலாகாவிலேயே இல்லை. 2003-ம் ஆண்டு முதல் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவில் இருக்கிறது. ராணுவத்துக்கு ஒதுக்கும் பெரும் பணத்தில் அதற்குப் பங்கு கிடைப்பது கடினம். அதன் பனி உடைக்கும் கப்பலான போலார் ஸ்டார் 1976-ல் சேர்ந்தது. தென் துருவத்தில் பனியை உடைத்து வழி செய்வது அதன் வேலை. அதற்குத் தங்கைக் கப்பல் ஒன்று இருந்தது. 2010-ல் அதன் என்ஜின் கெட்டது. தங்கையின் உறுப்புகளைக் கழற்றித்தான் அக்காளை ஓட்டினார்கள்!

ஒன்பது உயிர்கள்

பழசு தலையில் விழும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சோகமான சாட்சி ஒன்று உண்டு.

மரைன் படையிடம் நீரிலும் நிலத்திலும் ஓடும் கவச வண்டி இருந்தது. கப்பலில் இருந்து கடலில் இறங்கி, நீந்திக் கரை ஏறும். 1972-ல் வந்த ரகம். அதற்குப் பதில் வேகமான புது வண்டி செய்ய முயன்றார்கள். சுமார் 300 கோடி டாலர் செலவானது. ஒரு வண்டியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2011-ம் ஆண்டில் அந்தத் திட்டத்தையே அரசாங்கம் கைவிட்டது.

பணமும் போயிற்று. வண்டியும் வரவில்லை. பழைய வண்டிகளே தொடர்ந்து ஓடின.

2020 ஜூலை 30-ந் தேதி, கலிபோர்னியாவுக்கு அப்பால் ஒரு தீவின் அருகே பயிற்சி நடந்தது. ஒரு வண்டிக்குள் 16 பேர் இருந்தார்கள். தண்ணீர் உள்ளே கசிந்தது. வண்டி சுமார் 385 அடி ஆழத்துக்கு மூழ்கியது. 8 மரைன் வீரர்களும் ஒரு கப்பற்படை வீரரும் இறந்தார்கள்.

விசாரணையில் என்ன தெரிந்தது? வண்டிகள் நல்ல நிலையில் இல்லை. வீரர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. வெளியேறும்படி உத்தரவு கொடுப்பதிலும் தாமதம்.

அதாவது, வண்டி பழசு என்பது மட்டும் குற்றம் அல்ல. பழசைப் பழசு என்று தெரிந்தும் அதற்குரிய கவனம் கொடுக்காததுதான் குற்றம். 2021 டிசம்பரில், அவசரம் தவிர மற்ற சமயங்களில் அந்த வண்டிகளைக் கடலில் இறக்கக் கூடாது என்று மரைன் படை தடை போட்டது. அதற்குள் ஒன்பது வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது.

எது கேவலம்?

ஒரு படையிடம் பழைய ஆயுதம் இருப்பது கேவலம் அல்ல. 1917-ம் ஆண்டு ரகத் துப்பாக்கி 1942-ல் ஒரு தீவைக் காப்பாற்றியது. 1962-ல் கட்டிய விமானம் இன்றும் பறக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தப் பழசை அந்தப் படை வேண்டி வைத்திருக்கிறதா? அல்லது பங்கு பிரிப்பதில் கடைசியாக நின்றதால் அதன் தலையில் விழுந்ததா?

வேண்டி வைத்திருந்தால் எண்ணெய் போட்டு, துடைத்து, பழகி, பத்திரமாக வைத்திருப்பார்கள். தலையில் விழுந்ததாக இருந்தால், "புதுசுதான் வரப்போகிறதே" என்று பழசைக் கவனிக்காமல் விடுவார்கள். வருகிறேன் என்ற புதுசு வராது. இருக்கிற பழசும் காலை வாரும்.

யாருக்கு முதலில் புதுசு என்று முடிவு செய்கிறவர்கள் தலைநகரில் மேஜைக்குப் பின்னால் இருக்கிறார்கள். அந்த முடிவின் பலனை அனுபவிக்கிறவர்கள் மழையிலும், கடலிலும், இருட்டிலும் நிற்கிறார்கள். தம்பிக்குப் பழைய புத்தகம் கொடுக்கும் தாய், அதில் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்துத்தான் கொடுப்பாள். படைகளை நடத்துகிறவர்களும் அந்த ஒரு முறை புரட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.